குட்டிக் கடல்கன்னியும் கடல் பூதமும்: அந்தப் பூதம் முழுங்குதா, துப்புதா?

காட்பாடிக்காரி (இழையைத் தொடங்கியவர்)

நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன், உதவி தேவை. எங்கள் பக்கத்துக் கிளை நூலகத்தில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கிறேன். மூன்றாம் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரை எல்லாம் கலந்து உட்காரும். சின்னதுக்குப் புரிகிற மாதிரி சொன்னால் பெரியதுக்குக் கொட்டாவி, பெரியதுக்குப் பிடித்தால் சின்னது தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடும். அலமாரியில் இருந்ததெல்லாம் தீர்ந்துபோய், இப்போது நானே ஒரு தொடர்கதை எழுதி வாரம் ஒரு அத்தியாயமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

கதை இதுதான். நெத்திலி என்று ஒரு குட்டிக் கடல்கன்னி, மனுசக் கணக்கில் எட்டு ஒன்பது வயசு. அவள் தம்பி காணாமல் போகிறான். பெரிய பூதம் ஒன்று அவனை வாயில் போட்டுக்கொண்டு ஆழத்துக்குப் போனதாக ஒரு நண்டு சாட்சி சொல்கிறது. பெரியவர்கள் கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், இவள் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிடுகிறாள். பாதிக் கதை வந்தாச்சு, பூதத்தை மட்டும் இன்னும் நேரில் காட்டவில்லை.

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். பூதத்தைக் கொன்றுவிடலாம், அது பழைய வழி. இல்லை என்றால் பூதம் பாவம், தனிமையில் வாடியது, நெத்திலி கட்டிப்பிடித்ததும் அழுதது என்று முடிக்கலாம், அது இப்போதைய வழி. இரண்டுமே பிள்ளைகளுக்கு முன்கூட்டியே தெரிகிறது. போன வாரம் பூதம் எப்படி இருக்கும் என்று காட்ட, கோயில்களில் இருக்கிற மகரச் சிற்பம் ஒன்றின் படத்தைக் கொண்டுபோனேன். யானைத் தும்பிக்கை, முதலைத் தாடை, மீன் வால், வாய்க்குள்ளிருந்து ஒரு குட்டி உருவம் எட்டிப் பார்க்கும், பார்த்திருப்பீர்கள். நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள், "அக்கா, இது அந்த ஆளை முழுங்குதா, துப்புதா?" என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறதா?

குடியாத்தம் குசும்பு

முழுங்கிப் பார்த்துவிட்டு உப்பு பத்தலை என்று துப்புகிறது.

சரி சரி, அடிக்க வராதீர்கள். என்னைக் கேட்டால் பூதத்தை வேலூர்க் கோட்டை அகழிக்குக் கொண்டு வந்துவிடுங்கள். அந்த அகழியில் அந்தக் காலத்தில் முதலை விட்டிருந்தார்கள் என்று சொல்லாத தாத்தா நம் ஊரில் கிடையாது. பிள்ளைகளுக்குத் தெரிந்த இடம். கடலை எந்தப் பிள்ளை பார்த்திருக்கப் போகிறது?

காட்பாடிக்காரி

அதனால்தான் கடல் வேண்டும் தம்பி. இவர்களில் முக்கால்வாசிப் பேர் கடலைப் பார்த்ததே இல்லை. தெரிந்த அகழியில் விட்டால், "அங்கே நாங்க போனோமே, ஒண்ணும் இல்லையே" என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடுவார்கள்.

கூத்துக்காரர் பேரன்

அக்கா, கொல்வதா கட்டிப்பிடிப்பதா என்கிற கேள்வியைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். அதற்கு முன்னால் பூதம் எப்படி உள்ளே வருகிறது என்று முடிவு பண்ணுங்கள்.

நான் செய்யாறு பக்கம். என் தாத்தா கட்டை, அதாவது கூத்துக்காரர் போடுகிற மர ஆபரணம், கட்டி ஆடியவர், ராட்சத வேஷம் என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் பக்கத்துக் கூத்தில் பெரிய வேஷக்காரன் திடுதிப்பென்று மேடைக்கு வந்துவிட மாட்டான். நடு ராத்திரி தாண்டியிருக்கும், முன்னால் பாயில் படுத்திருக்கிற பிள்ளைகள் எல்லாம் பாதித் தூக்கத்தில் இருக்கும். இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்துக்கொண்டு நடு அரங்கில் நிற்பார்கள். திரைக்குக் கீழே சலங்கை கட்டிய கால் மட்டும் தெரியும், மேலே கிரீடத்தின் முனை மட்டும் தெரியும். உள்ளேயிருந்து பாட்டு வரும், முகவீணை அழும், திரை குலுங்கும், கட்டியங்காரன் "யாருப்பா நீ, எந்த ஊரு" என்று கிண்டல் அடித்துக்கொண்டிருப்பான். அவ்வளவு நேரமும் ஆளைக் காட்ட மாட்டார்கள். தூங்கின பிள்ளை எழுந்து உட்கார்ந்து அம்மா முந்தானையைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் கண்ணை மட்டும் மூடாது. திரை விலகும்போது பாதிப் பிள்ளைகள் கத்தும். எங்கள் தாத்தாவே என்று தெரிந்தும் நான் கத்தியிருக்கிறேன்.

இப்போது வருகிற குழந்தைக் கதைகளில் பூதம் இரண்டாம் பக்கத்திலேயே பல்லைக் காட்டிக்கொண்டு "எனக்கு நண்பர்களே இல்லை" என்று ஆரம்பித்துவிடுகிறது. பயப்பட ஒரு சந்தர்ப்பம்கூட இல்லாமல் பிள்ளை எப்படி தைரியம் பழகும்? உங்கள் பூதத்துக்கு என்ன நியாயம் வேண்டுமானாலும் கொடுங்கள், பிள்ளை ஒரு தடவையாவது கத்தட்டும், அப்புறம் கொடுங்கள்.

சத்துவாச்சாரி சார்

பேரன் சொல்வதை வழிமொழிகிறேன். நான் ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர், புராணம் என் பாடம் இல்லை, இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். திருவிளையாடலில் வலை வீசின படலம் என்று ஒன்று வருகிறது. கடலில் ஒரு சுறா வந்து படகு, வலை எல்லாவற்றையும் நாசம் பண்ணுகிறது. அது யார்? சாட்சாத் நந்தி. பிள்ளையாரையும் முருகனையும் உள்ளே விட்டார், அவர்கள் வேதச் சுவடியைக் கடலில் எறிந்துவிட்டார்கள், அந்தக் குற்றத்துக்குச் சுறாவாகப் போ என்று சாபம். உமை செம்படவப் பெண்ணாகப் பிறந்து கரையில் வளர்கிறாள். கடைசியில் சிவன் வலைஞனாக வந்து சுறாவைப் பிடித்து அவளைக் கல்யாணம் பண்ணிக்கொள்கிறார்.

இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், அது நந்தி என்று நமக்குத் தெரியும், கரையில் இருப்பவனுக்குத் தெரியாது. அவன் வலை கிழிந்தது கிழிந்ததுதான். நந்தி என்பதற்காகச் சுறா கொஞ்சம் மெதுவாகக் கடித்ததாகக் கதையில் இல்லை.

கூத்துக்காரர் பேரன்

அருமை சார். கூடவே மயில் இராவணன் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், எங்கள் பக்கம் விடிய விடிய ஆடுவார்கள். இராம லட்சுமணரைத் தூக்கிக்கொண்டு பாதாளத்துக்குப் போய்விடுகிறான், அனுமார் தேடிப் போகிறார், வாசலில் காவலுக்கு நிற்பவன் மச்சவல்லபன், பாதி மீன் உடம்பு. அடித்துப் பார்த்தால் அவன் அனுமார் மகனே. கடலில் விழுந்த அவருடைய வேர்வையை விழுங்கிய மீன் பெற்ற பிள்ளை. மகன் என்று தெரிந்த பிறகும் அவன் கதவை விட்டு நகர மாட்டேன் என்கிறான், உப்பிட்டவனுக்குத் துரோகம் பண்ண முடியாதாம். நல்ல காவல் பூதம் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

தாய்லாந்து இராமாயணத்தில் இதற்கு ஒரு கடல்கன்னியே இருக்கிறாள், சுவர்ணமச்சா, இராவணன் மகள். சேதுவுக்குப் போடுகிற கல்லையெல்லாம் மீன்களை வைத்து ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். அனுமார் பிடிக்கப் போய் காதலில் விழுகிறார். அங்கே கடைகளில் அவள் படத்தை ராசிக்கு மாட்டி வைத்திருப்பார்கள்.

ஏரிக்கரை

காவேரிப்பாக்கம் ஏரியில் தூண்டில் போட்டே வளர்ந்தவன் நான். அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது.

ஜிலேபி மீன் தெரியும்தானே, நம் ஊர் ஏரி குட்டை எல்லாவற்றிலும் ரொம்பிக் கிடக்கிறதே, அது முட்டையை வாய்க்குள் வைத்துத்தான் பொரிக்கும். தாய் மீன். பொரித்த பிறகும் குஞ்சுகள் வெளியே மேய்ந்துகொண்டிருக்கும், நிழல் தட்டினால் போதும், எல்லாம் ஓடி அம்மா வாய்க்குள் போய்விடும். கரையில் அசையாமல் உட்கார்ந்திருந்தால் தெளிந்த தண்ணீரில் பார்க்கலாம். தெரியாதவன் பார்த்தால் தன் குஞ்சைத் தானே தின்கிறது என்றுதான் சொல்வான்.

ஆக, முழுங்குவதும் இல்லை துப்புவதும் இல்லை. வைத்துக்கொண்டிருக்கிறது.

காட்பாடிக்காரி

ஐயோ! இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

நாகை பொண்ணு

உங்கள் ஏரி மீனை விடுங்கள் அண்ணே, கடலுக்கு வாருங்கள். நான் நாகப்பட்டினம், வேலைக்காக வேலூரில் இருக்கிறேன். கடல் கெளுத்தியில் இந்த வேலையைச் செய்வது அப்பா மீன். முட்டை ஒவ்வொன்றும் கோலிக்குண்டு அளவுக்கு இருக்கும், அதைப் போய் வாய் நிறைய அடைத்துக்கொண்டு திரியும். முட்டை பொரித்து, குஞ்சு தானாக நீந்துகிற வரைக்கும் கிட்டத்தட்ட இரண்டு மாசம். அதுவரை ஆகாரம் கிடையாது. தின்னால் குஞ்சும் சேர்ந்து உள்ளே போய்விடுமே.

வலையில் மாட்டினால் என்ன ஆகும் தெரியுமா? பயத்தில் அத்தனையும் கக்கிவிடும். கொட்டின வலையில் மஞ்சளாய் உருண்டை உருண்டையாய்க் கிடக்கும். சின்ன வயசில் எடுத்து விளையாடியிருக்கிறோம். அப்பா மீன் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு கிடக்கும், வாய்க்குள் ஒன்றும் இருக்காது.

அதனால் அந்தப் பாப்பாவிடம் சொல்லுங்கள், முழுங்கவில்லை. ஆனால் ரொம்பப் பயமுறுத்தினால் துப்பிவிடும், துப்பினால் எல்லாம் போச்சு.

கோடும் கலரும்

படம் போடுகிறவள் நான், இந்தக் கதைக்குப் படம் என்னுடையது என்று இப்போதே துண்டு போட்டு வைக்கிறேன். பூதம் கத்தக் கூடாது. வாயை இறுக்கி மூடியிருக்கும், தாடை இரண்டு பக்கமும் புடைத்திருக்கும், தோலுக்கு அடியில் ஏதோ நெளிகிற மாதிரி இருக்கும். பல்லைக் காட்டுகிற பூதத்தை எல்லோரும் வரைந்தாயிற்று.

நிறம் சிவப்பு. கூத்தில் உக்கிர வேஷத்துக்கு அடிக்கிற அந்தச் சிவப்பு.

சத்துவாச்சாரி சார்

சிவப்பு அடியுங்கள் அம்மா, ஆனால் ஆழத்தில் அது தெரியாது. தண்ணீருக்குள் இறங்க இறங்க முதலில் காணாமல் போகிற நிறம் சிவப்புதான், பத்து மீட்டரிலேயே பெரும்பகுதி போய்விடும். நாற்பது மீட்டரில் சிவப்புப் பொருள் கறுப்பாக, சாம்பலாகத்தான் தெரியும். இருநூறு மீட்டருக்குக் கீழே வெளிச்சமே அருகிவிடும், ஆயிரத்துக்குக் கீழே சூரியன் என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஆழ்கடல் உயிர்கள் பல சிவப்பாக இருப்பதே அதற்குத்தான், அங்கே அது மறைந்துகொள்கிற நிறம்.

குடியாத்தம் குசும்பு

சார், இடுப்புக்குக் கீழே மீனாக ஒரு பெண் பிள்ளை நீந்துகிற கதை இது. அதில் மீட்டர் கணக்கா?

சத்துவாச்சாரி சார்

கடல்கன்னியை நம்பச் சொல்கிறோம் அல்லவா தம்பி, அதற்குத்தான் மற்றதெல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். வகுப்பில் பார்த்திருக்கிறேன், பறக்கிற குதிரையை எந்தப் பையனும் கேள்வி கேட்க மாட்டான், அந்தக் குதிரை ராத்திரியில் எங்கே தூங்கும் என்று கேட்பான். அதற்கு முழித்தால் கதை போயிற்று.

கோடும் கலரும்

சார், நீங்கள் சொன்னதில் எனக்கு ஒரு காட்சி கிடைத்துவிட்டது. நெத்திலி கையில் விளக்கு இருக்கிறது. முன்னால் கறுப்பாக ஒரு பாறை. நகர்ந்து நகர்ந்து பக்கத்தில் போகிறாள், வெளிச்சம் பட்ட இடம் மட்டும் ரத்தச் சிவப்பாகிறது. விளக்கை இந்தப் பக்கம் திருப்பினால் இங்கே சிவப்பு, அந்தப் பக்கம் திருப்பினால் அங்கே சிவப்பு. பாறை முடியவே இல்லை. பேரன் சொன்ன திரை இதுதானே?

கூத்துக்காரர் பேரன்

இதுதான்! கையெடுத்துக் கும்பிடுகிறேன். முழு உருவத்தை ஒரே படத்தில் வரைந்துவிடாதீர்கள்.

சத்துவாச்சாரி சார்

விளக்கு என்ன விளக்கு என்று மட்டும் பாருங்கள். ஆழ்கடல் மீன்கள் தரும் வெளிச்சம் பெரும்பாலும் நீலம். நீல வெளிச்சத்தில் சிவப்பு கறுப்பாகவே இருக்கும். மனிதர்களுடைய டார்ச் வேண்டும், அப்படியானால் ரொம்ப ஆழமும் போகக் கூடாது, பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டலம் என்று அழுத்தம் ஏறிக்கொண்டே போகும், டார்ச் நசுங்கிவிடும். நாற்பது மீட்டரில் வைத்துக்கொள்ளுங்கள், எல்லாம் சரியாக வரும்.

நாகை பொண்ணு

ராத்திரித் தொழிலுக்குப் போகிறவர்கள் தலையில் மாட்டுகிற டார்ச் இருக்கிறது. படகிலிருந்து விழாத பொருளா? அதையே கொடுங்கள்.

ஏரிக்கரை

இன்னொன்று. பிள்ளைகள் கடலைப் பார்த்ததில்லை என்கிறீர்கள், ஆனால் பாலாற்றைப் பார்த்திருக்கிறார்கள். நந்தி மலையில் ஆரம்பித்து 348 கிலோமீட்டர், அதில் 222 நம் தமிழ்நாட்டில், கடைசியில் கல்பாக்கத்துக்குப் பக்கம் வாயலூரில் கடலில் சேர்கிறது. வருசத்தில் பெரும்பாலும் மணல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2021 நவம்பரில் ஓடிய ஓட்டத்தை இந்தப் பிள்ளைகளின் வீட்டில் எல்லோரும் பாலத்தில் நின்று பார்த்திருப்பார்கள். நெத்திலியை அந்த வெள்ளத்தில் எதிர்நீச்சல் போட்டு வேலூர் வரைக்கும் வர வைத்தால் என்ன?

நாகை பொண்ணு

உப்புத் தண்ணீரில் இருக்கிறவளை ஆற்றில் விடுகிறீர்களா? அதுவும் வாலாஜா பக்கம் அணைக்கட்டு குறுக்கே நிற்கிறது. ஏறிக் குதிப்பாளா?

காட்பாடிக்காரி

அவள் வர வேண்டாம். இங்கிருந்து ஏதாவது அங்கே போகட்டும். வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போன ஒரு எவர்சில்வர் சொம்பு, அதில் வெட்டின பெயரும் 'வேலூர்' என்கிற ஊரும். நெத்திலிக்கு அது என்ன என்றே தெரியாது, தலையில் கவிழ்த்துக்கொண்டு திரிகிறாள். நம் பிள்ளைகளுக்கு மட்டும் தெரியும். அந்தச் சொம்பில் டார்ச்சைச் சொருகி மறைத்து எடுத்துப் போகலாம், தேவைப்படும்போது வெளிச்சத்தைத் திறக்கலாம். சொம்பில் தட்டினால் தண்ணீருக்குள் சத்தமும் நல்லாப் போகும்.

ஆம்பூர் காக்கா

எல்லாம் படித்தேன். ஒரு யோசனை. ஆற்றோடு போவது சொம்பு மட்டும்தானா? தோல் பதனிடும் கழிவும்தான் போயிற்று. அந்தக் கழிவில் பிறந்த பூதம் என்று வைத்தால் கதைக்கு ஒரு அர்த்தம் இருக்கும். 1996இல் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போன விஷயம் இது, வேலூர் மக்கள் போட்ட வழக்கில்தான் மாசு பண்ணியவனே காசு கட்ட வேண்டும் என்கிற தீர்ப்பு வந்தது. நம் ஊர் பிள்ளைக்கு இதைச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது?

வாணியம்பாடி வாப்பா

நான் முப்பது வருசம் தோல் ஷெட்டில் வேலை பார்த்தவன், அதனால் சொல்கிறேன். அந்தத் தண்ணீர் எங்கள் கிணற்றைத்தான் முதலில் கெடுத்தது, எங்கள் கைத் தோலைத்தான் முதலில் தின்றது. கதையில் போட்டால் கழிவைத் திறந்துவிட்டவன் ஒரு பக்கம், அதில் நின்று வேலை செய்தவன் ஒரு பக்கம் என்று இரண்டு பேரையும் போட வேண்டும். இல்லாவிட்டால் என் பேத்தி வகுப்பில் "உங்க தாத்தா வேலைதான் பூதத்தைப் பெத்துச்சாமே" என்று ஒரு பிள்ளை கேட்கும். இவ்வளவையும் ஒரு குட்டிக் கடல்கன்னி தலையில் ஏற்ற வேண்டுமா என்று யோசியுங்கள். தனியாக ஒரு கதை எழுதுங்கள், நானே வந்து விவரம் சொல்கிறேன்.

காட்பாடிக்காரி

வாப்பா, அந்தத் தனிக் கதைக்கு நிச்சயம் வருவேன், பேச்சு மாறக் கூடாது. இதில் வேண்டாம். பூதம் எதற்காவது தண்டனையாக வந்தது என்று வைத்துவிட்டால், பிள்ளைகள் பூதத்தைப் பார்க்க மாட்டார்கள், அதற்குப் பின்னால் இருக்கிற பாடத்தைத்தான் தேடுவார்கள். பரீட்சைக்குப் படிக்கிற முகம் உடனே வந்துவிடும்.

இதுவரை கிடைத்ததைக் கோத்துப் பார்க்கிறேன். பூதம் அப்பா. வாய் நிறைய முட்டையும் குஞ்சும். இழுவை வலை ஒன்று வருகிறது, அந்தக் கலவரத்தில் தன் குஞ்சுகளை அள்ளும்போது பக்கத்தில் இருந்த நெத்திலி தம்பியையும் சேர்த்து அள்ளிவிட்டது. நண்டு பார்த்தது உண்மை, புரிந்துகொண்டதுதான் தப்பு. பூதத்தால் பேச முடியாது, வாயைத் திறந்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். நெத்திலி கேட்கிற எந்தக் கேள்விக்கும் பதில் வராது. அவள் குத்தினாலோ பயமுறுத்தினாலோ இன்னும் இறுக்கும், அதையும் மீறினால் கக்கிவிடும், கக்கினால் தம்பி வருவான், முட்டையெல்லாம் அழிந்துபோகும்.

முதல் பார்வைக் காட்சியை எழுதிப் பார்த்தேன், அப்படியே போடுகிறேன்:

*நெத்திலி சொம்பின் வாயிலிருந்து விரலை எடுத்தாள். வெளிச்சம் ஒரு கோடாகப் போய்ப் பாறையில் விழுந்தது. பாறை சிவந்தது. அவள் விரலை வைத்து மூடினாள், பாறை கறுத்தது. மறுபடி எடுத்தாள். இந்த முறை சிவப்புக்கு நடுவில் ஒரு மடிப்பு இருந்தது. மடிப்புக்குள் ஈரமாக ஏதோ உருண்டு அவள் பக்கம் திரும்பியது. கண். அவள் உயரத்துக்கு இருந்தது. நெத்திலி விளக்கை மூடவில்லை, மூட வேண்டும் என்று விரலுக்குத் தோன்றவில்லை. கண்ணுக்குக் கீழே தாடை புடைத்திருந்தது, அந்தப் புடைப்புக்குள்ளிருந்து, உள்பக்கத்திலிருந்து, யாரோ மூன்று தரம் தட்டினார்கள். அவளும் தம்பியும் ஒளிந்து விளையாடும்போது தட்டுகிற தட்டு.*

கூத்துக்காரர் பேரன்

மூன்று தட்டு போதும் அக்கா, கடைசி வரி வேண்டாம். தம்பி தட்டுகிறான் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். ஒளிந்து விளையாடுகிற தட்டை முதல் அத்தியாயத்திலேயே ஒரு தடவை போட்டுவிடுங்கள்.

நாகை பொண்ணு

வலை வருகிறது என்பதை எழுதும்போது ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள். படகில் இருக்கிறவனை அரக்கனாக்க வேண்டாம், அவனுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. எங்கள் ஊரில் வலையில் ஆமை மாட்டினால் எடுத்து விடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

அப்புறம், கடற்பசு ஒன்றை எங்கேயாவது போடுங்கள். நாங்கள் ஆவுளியா என்போம். மாலுமிகள் கடல்கன்னி என்று நினைத்துப் பார்த்ததே அதைத்தான் என்று சொல்வார்கள். புல்தான் தின்னும், மூச்சு விட மேலே வரும், குட்டிக்குப் பால் கொடுக்கும். பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை 2022இல் அதற்கென்று பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். நெத்திலிக்கு ஒரு பெரியம்மா முறை வைத்துக்கொள்ளலாம்.

காட்பாடிக்காரி

பெரியம்மா உறுதி. கூட்டம் போட்டுப் பேசுகிற பெரியவர்களில் சாப்பிட்டுக்கொண்டே பேசுகிறவள் அவள்தான்.

நேற்று ஞாயிறு, வாசித்துவிட்டேன். சிவப்பு வந்த இடத்தில் இரண்டாவது வரிசை மொத்தமாக முதல் வரிசை மேல் விழுந்தது. பேரன், நீங்கள் இருந்திருக்க வேண்டும். கண் திரும்பினபோது ஒரு பையன் மேசைக்கு அடியில் போய்விட்டான், அங்கிருந்தே "நிறுத்தாதீங்க, படிங்க" என்று கத்துகிறான்.

அடுத்ததுதான் சிக்கல். வாயில் இருப்பது அதன் குஞ்சுகள், இரண்டு மாசமாகச் சாப்பிடவில்லை என்று சொன்னதும், நான் எதிர்பார்த்தது "ஐயோ பாவம்". சில பேர் சொன்னார்கள்தான். அந்த நாலாம் வகுப்புக்காரி மட்டும் கையைத் தூக்கினாள். "அப்படின்னா குஞ்சையெல்லாம் வெளிய விட்டதும் அதுக்கு ரொம்பப் பசிக்குமே அக்கா. முதல்ல யாரைச் சாப்பிடும்? நெத்திலி பாதி மீன்தானே?"

அறையில் ஒரு சத்தம் இல்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று தப்பித்து வந்திருக்கிறேன்.

ஏரிக்கரை

அந்தப் பெண்ணுக்கு என் கணக்கில் ஒரு தூண்டில் வாங்கிக் கொடுங்கள்.

சத்துவாச்சாரி சார்

தன் குஞ்சைத் தின்னாமல் இருக்கிறது என்பதற்காக அது சாது ஆகிவிடாது. நந்திச் சுறா கதையில் நான் சொன்னது இதுதான். அப்பாவாக இருப்பது ஒரு விஷயம், பசியோடு இருப்பது வேறு விஷயம்.

கோடும் கலரும்

அது பசியில் துரத்தினால் நெத்திலி பண்ணின நல்லதுக்கு என்ன மரியாதை? குட்டிகள் மனசு உடையாதா? எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. பெரிய கண்ணை நான் அவ்வளவு ஆசையாக வரைந்து வைத்திருக்கிறேன்.

கூத்துக்காரர் பேரன்

நெத்திலி நன்றி வாங்கப் போகவில்லையே, தம்பியை வாங்கத்தானே போனாள். மச்சவல்லபன் அப்பா என்று தெரிந்தும் கதவைத் திறக்கவில்லை, அனுமாரும் அதற்காக அழுதுகொண்டு உட்காரவில்லை. பூதத்துக்கு ஒரு நியாயம் இருக்கிறது என்று நெத்திலிக்குப் புரிகிறது, புரிந்த பிறகும் அது பூதம்தான். அவளுக்குத் தெரிய வேண்டியது எப்போது பக்கத்தில் போகலாம், எப்போது ஓட வேண்டும் என்பது. என் தாத்தா ஆடி முடித்துக் கட்டையை அவிழ்க்கிற வரைக்கும் எங்கள் யாரையும் கிட்டே விட மாட்டார், பேரனாக இருந்தாலும் சரி.

நாகை பொண்ணு

எழுத வசதியாக ஒரு விஷயம். கெளுத்தி குஞ்சுகளை விடுவது ஆழம் குறைந்த, ஆபத்து இல்லாத இடம் பார்த்துத்தான். அதனால் நெத்திலி சண்டை போட வேண்டாம், வலை இல்லாத இடத்துக்கு வழி காட்டினால் போதும். முன்னால் அவள் சொம்பைத் தட்டிக்கொண்டு நீந்துகிறாள், பின்னால் வாய் மூடின மலை வருகிறது. வாயைத் திறக்கிற வரைக்கும் அவளுக்கு ஆபத்து இல்லை. திறந்த நிமிசத்திலிருந்து ஆபத்து. தம்பி வெளியே வருவதும் அதே நிமிசத்தில்தான்.

காட்பாடிக்காரி

இதை எடுத்துக்கொண்டேன். இப்படி எழுதப் போகிறேன்: வாய் திறக்கிறது, குஞ்சுகள் புகையாக வெளியே வருகின்றன, தம்பி கடைசியில் வருகிறான், அதுவும் தூங்கி எழுந்த மூஞ்சியோடு. நெத்திலி அவன் கையைப் பிடித்ததும் நிற்கவே கூடாது. பூதத்தின் கண் இவர்கள் பக்கம் திரும்புகிறது. அந்த அத்தியாயம் அங்கே முடியும். கடைசி அத்தியாயம் முழுக்க ஓட்டம். ஆழம் குறைந்த பாறை இடுக்கில் இவர்கள் நுழைந்துவிட, பூதம் வெளியே வெகுநேரம் நிற்கிறது, அப்புறம் ஒரு மீன் கூட்டம் பின்னால் போய்விடுகிறது. கோடும் கலரும், உங்கள் பெரிய கண்ணுக்கு அந்த இடுக்கு வாசலில் ஒரு முழுப் பக்கம் தருகிறேன், அழாதீர்கள். ஆமைப் பாட்டி ஒருத்தி வந்து இதற்கெல்லாம் விளக்கம் சொல்வதாக முதலில் எழுதி வைத்திருந்தேன்.

கூத்துக்காரர் பேரன்

ஆமைப் பாட்டியை வெட்டுங்கள். ஏற்கனவே ஆவுளியா பெரியம்மா இருக்கிறாள், ஒரு கதைக்கு ஒரு பெரியம்மா போதும்.

குடியாத்தம் குசும்பு

எல்லாம் சரி, முக்கியமானதை யாரும் கேட்கவில்லை. அந்தச் சொம்பில் யார் பெயர் வெட்டியிருக்கிறது?

காட்பாடிக்காரி

அதற்குத்தான் நூலகத்தில் அடிதடியே நடக்கிறது, ஆளுக்கு ஆள் தன் பெயரைப் போடச் சொல்கிறார்கள். ஒருத்தி பெயரைப் போட்டால் மற்றவர்கள் அடுத்த வாரம் வர மாட்டார்கள். பெயர் இருந்த இடம் தேய்ந்துபோய் 'வேலூர்' மட்டும் தெரிகிறது என்று எழுதிவிட்டேன்.